யாருதுன்னு சொல்லாதீங்க

பழைய துணியைப் பையில் போட்டு எடுத்துக்கொண்டு அந்த அக்கா வீட்டுக்குப் போகிறவர்கள் எல்லோரும் ஒரே தப்பைத்தான் செய்வார்கள். பையோடு கதையையும் சேர்த்து நீட்டுவார்கள். ‘இது எங்க மாமனாரு வேட்டி, போன மாசம்தான் தவறிட்டாரு’ என்றோ, ‘இது என் பையன் காலேஜுக்குப் போட்டுட்டுப் போன சட்டை’ என்றோ ஆரம்பிப்பார்கள். அக்கா கையைக் காட்டி நிறுத்திவிடுவாள்.

“யாருதுன்னு சொல்லாதீங்க. சொன்னா வெட்ட கை வராது.”

எனக்கும் முதல் தடவை அதுதான் நடந்தது. நான் தேனிப் பக்கத்திலிருந்து கல்யாணமாகி இந்தச் சுரங்க டவுன்ஷிப்புக்கு வந்தவள். எங்கம்மா எடுத்துக் கொடுத்த சுங்குடிச் சேலை ஒன்று நடுவில் நைந்துபோயிருந்தது. அதை நீட்டிக்கொண்டே, எங்கம்மா எப்படிக் கடை கடையாக ஏறி இறங்கி அதை எடுத்தாள் என்று சொல்ல வாயெடுத்தேன். அக்கா சேலையை வாங்கிக் கன்னத்தில் ஒருமுறை தேய்த்துப் பார்த்து, நல்ல பருத்திதான் என்று தலையாட்டிவிட்டு, என் கண் முன்னாலேயே ஓரத்தைப் பல்லால் கடித்து டர்ரென்று இரண்டாகக் கிழித்தாள். இதெல்லாம் ஒரு மனுஷியா என்று நினைத்துக்கொண்டே வீட்டுக்கு வந்தேன். வீடு என்ன தூரமா? எங்கள் குவார்ட்டர்ஸும் அவள் குவார்ட்டர்ஸும் ஒரே சுவருக்கு அந்தப் பக்கம் இந்தப் பக்கம். அவள் மிஷின் ஓடினால் என் அடுப்படி அலமாரியில் டம்ளர்கள் லேசாக ஆடும்.

பின்வாசல் தாழ்வாரத்தில்தான் அவள் வேலை. அரை பிளேடை இரண்டு விரலுக்கு நடுவே வைத்துக்கொண்டு பழைய சட்டைகளின் தையலைப் பிரிப்பாள். பித்தான்கள் ஒரு பவுடர் டப்பாவுக்குப் போகும். நல்ல பாகங்களைச் சதுரமாக வெட்டி, நிறம் பார்த்துத் தரையில் பரப்பி, மிஷினில் ஒன்றோடொன்று சேர்ப்பாள். நடுவில் பழைய துண்டு, வேட்டி, கிழிந்த லுங்கி எது இருந்தாலும் ஓர் அடுக்கு. அடியில் ஒரு முழுச் சேலை. பிறகு மூன்றையும் சேர்த்துக் கையாலேயே ஓட்டுத் தையல் போட்டு முடிப்பாள். கம்பெனி யூனிஃபாம் பேன்ட் துணி கிடைத்தால் அவளுக்குக் கொண்டாட்டம். தேயவே தேயாது. ஆனால் ஊசி உடையும், அதற்கும் சேர்த்துத் திட்டுவாள்.

விற்கமாட்டாள். ஆஸ்பத்திரி வராந்தாவில் நோயாளிக்குத் துணையாகப் படுத்திருப்பவர்களுக்கும், வடலூரில் சோறு போடும் இடத்தைச் சுற்றி வெறுந்தரையில் கிடப்பவர்களுக்கும் கொண்டுபோய்க் கொடுப்பாள். மார்கழிப் பனியில் அவர்கள் சுருண்டு கிடப்பதை ஒருமுறை பார்த்தாளாம். அவ்வளவுதான் காரணம் சொல்வாள். எங்கள் பிளாக்கில் போகிக்கு முதல் வாரம் வாசல் வாசலாக வந்து நிற்பாள். “எரிக்காதீங்க. சாம்பல் மேலேருந்து வந்து வுழறது போதாதா? குடுங்க என்கிட்ட.” துவைத்துக் காயப்போட்ட வெள்ளைத் துணியிலெல்லாம் அனல்மின் நிலையச் சாம்பல் படியும் ஊர் இது. அதனால் சிரித்துக்கொண்டே கொடுத்துவிடுவார்கள்.

மூன்றாவது வீட்டு அம்மாவின் மகன் பைக்கில் போய் லாரியில் அடிபட்டுச் செத்தபோது அந்த அம்மா ஒரு வருஷம் அவன் சட்டைகளை வைத்திருந்து, கடைசியில் ஒருநாள் அக்காவிடம் தூக்கிக்கொண்டு வந்தாள். பேச வாய் திறந்ததுமே அக்கா தடுத்துவிட்டாள். சில மாதம் கழித்து அந்த அம்மாவுக்கு மனசு கேட்கவில்லை. “எதுல வெச்சுத் தச்ச? ஒரு தடவை தொட்டுப் பாத்துட்டுக் குடுத்துடறேன்” என்று வந்து கெஞ்சினாள்.

“எனக்குத் தெரியாதுங்க. துணி துணியோட கலந்துபோச்சு” என்றாள் அக்கா.

அந்த அம்மா அழுதுகொண்டே போனாள். நான் சுவருக்கு மேலே தலையை நீட்டிச் சண்டைக்கே போனேன். தெரிந்தும் தெரியாது என்கிறாயே, உனக்கென்ன கல் நெஞ்சா என்று கேட்டேன். அக்கா பிளேடைக் கீழே வைக்காமலேயே சொன்னாள்: “தெரியாதும்மா, நெசமாலுமே தெரியாது. தெரிஞ்சுக்கினு எப்பிடி வெட்டுவேன்? அத யாரோ மேல போத்திக்கினு தூங்குவாங்க. செத்தவனோடதுன்னு தெரிஞ்சா தூங்குவாங்களா?”

அப்படியும் எனக்குக் கோபம் போகவில்லை.

அக்காவுக்கு ஒரே மகள். கம்ப்யூட்டர் படித்துவிட்டு ஒரு கான்ட்ராக்டர் ஆபீஸில் வேலைக்குப் போனாள். அங்கேயே சூப்பர்வைசராக இருந்த பையனைக் கட்டிக்கொண்டு போய்விட்டாள். பையனுக்குக் காடாம்புலியூர் பக்கம். முந்திரிக் காட்டில் கூலிக்குப் போன குடும்பம், வேறு சாதி. அக்காவின் வீட்டுக்காரர் கம்மாபுரத்துப் பக்கம் நிலம் வைத்திருந்த வீட்டுப் பிள்ளை, மைன்ஸில் பர்மனென்ட். யாரிடமும் குரலை உயர்த்திப் பேசாதவர். அன்றைக்கும் உயர்த்தவில்லை. பின்வாசல் குழாயடியில் உட்கார்ந்து தலையில் ஒரு வாளித் தண்ணீரை ஊற்றிக்கொண்டார். அக்காவையும் உட்காரச் சொல்லி அவரே அவள் தலையில் ஊற்றினார். செத்தவர்களுக்குச் செய்கிற மாதிரி மகளைத் தலைமுழுகியாயிற்று. நான் சுவருக்கு இந்தப் பக்கம் துணி காயப்போட்டுக்கொண்டிருந்தேன். அக்கா கண்ணைத் திறந்துகொண்டே தண்ணீரை வாங்கிக்கொண்டாள்.

“அவ துணிமணி எல்லாம் எடுத்துப் போட்டுக் கொளுத்திடு. வூட்ல ஒண்ணு இருக்கக் கூடாது” என்றார் அவர்.

“நீங்க ஷிப்டுக்குப் போங்க. நான் பாத்துக்கறேன்.”

அவர் போனதும் புகை வந்தது. எட்டிப் பார்த்தேன். எதற்கும் உதவாத நைலான் துண்டுகளையும் கிழிந்த மெத்தைப் பஞ்சையும் போட்டு எரித்துக்கொண்டிருந்தாள். தாழ்வாரத்தில் மகளின் சுடிதார்கள், ஸ்கூல் யூனிஃபாம், பாவாடை தாவணி எல்லாம் பிரித்துப் போட்டுக் கிடந்தன. பிளேடு ஓடிக்கொண்டிருந்தது. என்னைப் பார்த்ததும் எப்போதும் சொல்வதையே சொன்னாள்.

“யாருதுன்னு கேக்காத.”

கேட்கவில்லை. பத்து நாளில் ஒரு பெரிய விரிப்பு தயாரானது. வடலூருக்குப் போகவில்லை, ஆஸ்பத்திரிக்கும் போகவில்லை. வீட்டுக்காரரின் கட்டிலில் விரித்துவிட்டாள். அவர் கையால் தடவிப் பார்த்து, “இது நல்லா வந்திருக்குதே” என்றாராம். அன்றிலிருந்து ஷிப்டு முடிந்து வந்து அதன்மேல்தான் படுத்தார். ஏன் அக்கா இப்படிச் செய்தாய் என்று கேட்டேன். “பொண்ணு அப்பங்கிட்டயே கெடக்கட்டுமே. என்னிக்காவது ஒரு நாளு அவரா கேப்பாரு, எம் பொண்ணு எங்கன்னு. அப்ப சொல்லுவேன்” என்றாள். அந்த ஒரு நாளுக்காகத்தான் அவள் உயிரோடு இருந்தாள் என்று எனக்குத் தோன்றும். மகள் திரும்ப அந்த வாசல்படி ஏற வேண்டும். வேறு ஆசை அவளுக்கு இருந்ததாகத் தெரியவில்லை.

மகளும் மருமகனும் வடலூரில் வாடகைக்கு இருந்தார்கள். அக்காவின் போனை வீட்டுக்காரர் பார்ப்பார் என்பதால் அந்தப் பெண் என் போனுக்குத்தான் பேசுவாள். நான் போனைச் சுவருக்கு மேலே நீட்டுவேன். அப்படித்தான் அவள் முழுகாமல் இருக்கும் சேதியும் வந்தது. ஏழாம் மாதம் வளையல் போட்டு அம்மா வீட்டுக்கு அழைத்து வர வேண்டியது. அதெல்லாம் நடக்காது என்று அக்காவுக்குத் தெரியும். ஒரு காரியம் மட்டும் செய்தாள். வீட்டுக்காரரின் பழைய வேட்டி ஒன்றைக் கொடியிலிருந்து எடுத்து ஒளித்துவைத்தாள். பிறந்த குழந்தைக்குப் புதுத்துணி ஆகாது. வீட்டில் மூத்தவர்கள் உடுத்திப் பழசான துணியில்தான் முதலில் கிடத்த வேண்டும். அவர்கள் ஆயுசு குழந்தைக்கும் வரும் என்பார்கள்.

“இவரு தாத்தா எம்பது வயசு இருந்தாரு. இவருக்கும் இருக்கும். அந்த ஆயுசு அதுக்கு வரட்டும்” என்று சொல்லிக்கொண்டே அந்த வேட்டியை உள்ளே வைத்துக் கைக்குட்டை மாதிரி சின்னச் சின்னத் துண்டுகளால் ஒரு குழந்தை விரிப்பு தைத்தாள். வேட்டி காணோமே என்று அவர் கேட்டதற்கு, காற்றில் பறந்துவிட்டது என்றாள்.

நான்தான் கொண்டுபோய்க் கொடுத்தேன். அந்தப் பெண் விரிப்பைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். ஓரத்தில் கொஞ்சம் வெளியே தெரிந்த மாம்பழக் கலர் கரையைப் பார்த்ததும் முகம் மாறிவிட்டது.

“அப்பா வேட்டிதானே ஆண்ட்டி? அவரா குடுத்தாரு?”

“உங்கம்மா எடுத்தா.”

“பரவால்ல. அவருதுதானே” என்று சொல்லி மூக்கோடு வைத்துக்கொண்டாள். வயிறு பெரிதாக இருந்தது, கால் வீங்கியிருந்தது. டாக்டரிடம் காட்டு என்றேன். காட்டினேன் ஆண்ட்டி, உப்பு குறைக்கச் சொன்னாங்க என்றாள். என்னைப் பஸ் ஏற்றிவிட ரோடு வரைக்கும் நடந்து வந்தாள்.

அதற்குப் பிறகு எங்கம்மாவுக்கு ஆபரேஷன் என்று நான் தேனிக்குப் போய் ஒரு மாதத்துக்கு மேல் இருந்துவிட்டேன். அந்தப் பெண்ணிடமிருந்து போன் இல்லை. நான் போட்டபோது மணி அடித்துக்கொண்டே இருந்தது, பிறகு சுவிட்ச் ஆஃப். ஊருக்குத் திரும்பியதும் அக்காவிடம், வடலூருக்குப் போய்ப் பார்த்துவிட்டு வரலாம் என்றேன். அக்கா சிரித்தாள். “கொழந்த பொறந்திருக்கும். பச்ச ஒடம்புக்காரி போன எங்க எடுக்கறது? மாமியாருகாரி இட்டுக்கினு போயிருப்பா. பொங்கல் கழியட்டும், நாலு சட்ட தச்சு எடுத்துக்கினு போலாம். அவரு பகல் ஷிப்டு வரட்டும்.” அந்தச் சட்டைகளுக்குத் தன்னுடைய பழைய சேலையையே வெட்டிக்கொண்டிருந்தாள்.

போகிக்கு இரண்டு நாள் இருக்கும்போது வடலூரிலிருந்து ஆட்டோவில் மூட்டைகள் வந்தன. அங்கே ஒரு டீக்கடையில் ஜனங்கள் அக்காவுக்கென்று பழைய துணியைப் போட்டுவிட்டுப் போவார்கள், கடைக்காரர் சேர்த்து அனுப்புவார். காலை ஷிப்டுக்கு வீட்டுக்காரர் போன பிறகு அக்கா மூட்டைகளைப் பிரித்துக்கொண்டிருந்தாள். நான் என் பக்கம் பாத்திரம் தேய்த்துக்கொண்டிருந்தேன். மிஷின் சத்தம் வரவில்லை, திட்டும் சத்தமும் வரவில்லை. வெகு நேரம் அப்படியே இருந்ததால்தான் எட்டிப் பார்த்தேன்.

மடியில் அந்தக் குழந்தை விரிப்பு. நான் கொண்டுபோன அதே மஞ்சப்பைக்குள் மடிப்புக்கூடக் கலையாமல் இருந்திருக்கிறது. பக்கத்தில் இரண்டு நைட்டி, ஒரு கல்யாணச் சேலை.

“கொழந்தய இதுல கெடத்தவே இல்லியே” என்றாள். “ஏன் கெடத்தல?”

நான் அவள் முகத்தைப் பார்க்கவில்லை. புடவையை மாற்றிக்கொண்டு வருகிறேன் என்று சொன்னேன்.

வடலூர் வீடு பூட்டியிருந்தது. முன்பக்கம் குடியிருக்கும் வீட்டுக்காரம்மா கோலப்பொடி டப்பாவோடு வெளியே வந்தாள். என்னை அவளுக்கு ஞாபகம் இல்லை. அக்கா பையை நீட்டினாள். எத்தனையோ வருஷமாக யாரிடமும் கேட்காத கேள்வியை அன்றைக்குத்தான் கேட்டாள்.

“இது யாருதுங்க?”

“அதுவா? இங்க குடியிருந்துச்சே ஒரு பொண்ணு, அதும்மா. பாவம், பிரசவத்துல போய்ச் சேந்துடுச்சு. வலிப்பு வந்துட்டுதாம், பெரிய ஆஸ்பத்திரிக்குத் தூக்கிக்கினு ஓடனாங்க. பெரிய உசுர காப்பாத்த முடியல. கொழந்த இருக்குது, பொட்டப் புள்ள, காடாம்புலியூர்ல அந்தப் பையனோட அம்மா வச்சிருக்குது. அவன் வூட்ட காலி பண்ணிக்கினு பூட்டான். செத்தவ துணிய நான் எதுக்கு வச்சிருக்கறதுன்னு டீக்கடையில போட்டேன். நீங்க யாரு?”

“துணி தைக்கறவங்க” என்றாள் அக்கா.

வீட்டுக்காரம்மா நிறுத்தவில்லை. நிறுத்தியிருக்கலாம். “அதவுடக் கொடும என்னான்னா, அவ அப்பனுக்கு போன் போட்டான் பையன். தோ இங்கதான், எங் கண்ணு முன்னாடி, ஸ்பீக்கர்ல. ஒரு தடவ வந்து மூஞ்சியப் பாத்துட்டுப் போங்கன்னு அழுவறான். அந்த ஆளு கத்தக்கூட இல்லம்மா. ‘எங்களுக்கு அவ செத்து ரெண்டு வருசமாவுது. ஒரு ஆளுக்கு எத்தினி தடவ தலமுழுவறது’ன்னு சொல்லிட்டு வச்சுட்டாரு. அவ ஆத்தாளுக்கு சொன்னாரோ இல்லியோ.”

பஸ்ஸில் அக்கா அழவில்லை. நான்தான் அழுதுகொண்டு வந்தேன். நடந்து ஒரு மாதத்துக்கு மேல் ஆகியிருந்தது. அந்த ஒரு மாதமும் அவருக்குச் சோறு போட்டிருக்கிறாள், கேரியர் கட்டியிருக்கிறாள், குழந்தை பிறந்திருக்கும் என்று மனசுக்குள் சிரித்துக்கொண்டு அவர் பக்கத்தில் படுத்திருக்கிறாள். அதை நினைத்துத்தான் எனக்கு மனசு ஆறவில்லை. சாவைக்கூடப் பொறுத்துக்கொள்ளலாம்.

வந்ததும் தாழ்வாரத்தில் உட்கார்ந்து பிளேடை எடுத்தாள். குழந்தை விரிப்பின் தையலை ஒவ்வொன்றாகப் பிரித்தாள். உள்ளே இருந்த வேட்டியை உருவி எடுத்தாள். என்ன அக்கா செய்கிறாய் என்றேன்.

“அவரு ஆயுசு அந்தப் புள்ளைக்கு வேணாம்.”

தன்னுடைய பழைய சேலையை வேட்டி இருந்த இடத்தில் வைத்துத் திரும்பத் தைத்தாள். தையல் முடியும்போது அவர் ஷிப்டு முடிந்து சைக்கிளை நிறுத்தினார். நான் என் பக்கம் வந்துவிட்டேன். ஆனால் சுவர் ஒன்றுதான், காதைப் பொத்திக்கொள்ள நான் என்ன மகானா?

“உங்க வேட்டி. காத்துல பறக்கல, நான்தான் எடுத்தேன்” என்றாள் அக்கா. பிறகு கட்டிலிலிருந்து விரிப்பை உருவும் சத்தம் கேட்டது. “இது இன்னான்னு தெரியுமா ஒங்களுக்கு? தோ பாருங்க. இந்த நீலம் அவ பத்தாவது படிக்கறப்ப போட்ட யூனிஃபாம். இது பெரிய மனுசியானப்ப உங்க தங்கச்சி எடுத்தாந்த தாவணி. இந்தப் பூப்போட்டது மொத நாளு வேலைக்குப் போட்டுக்கினு போனது, நீங்கதான் வண்டியில கொண்டுபோய் வுட்டீங்க. ரெண்டு வருசமா இது மேலதான் படுத்துக்கினு இருக்கீங்க.”

அவர் எப்போதும் போலத் தணிந்த குரலில் கேட்டார். “சொல்லியிருந்தா மட்டும் நீ இன்னா பண்ணியிருப்ப?”

“அழுதிருப்பேன்.”

மறுநாள் ஒரு பையோடு காடாம்புலியூருக்குப் போய்விட்டாள். தையல் மிஷினை மட்டும் பிறகு என் வீட்டுக்காரர் ஆட்டோவில் ஏற்றி அனுப்பினார். இப்போது மகள் குடியிருந்த அதே வடலூர் வீட்டில்தான் இருக்கிறாள். வாரத்துக்கு ஒருநாள் போய்ப் பேத்தியைப் பார்க்கிறாள். அந்த வீட்டில் உள்ளே கூப்பிட்டு உட்காரவைத்துக் குழந்தையை மடியில் கொடுக்கிறார்களாம். அவர் இங்கேதான் இருக்கிறார். ரிட்டயர்மென்டுக்கு இன்னும் கொஞ்ச நாள். கட்டிலை மடக்கிச் சுவரோரம் சாய்த்துவிட்டுத் தரையில் பாய் போட்டுப் படுக்கிறார். அந்த விரிப்பு என்ன ஆயிற்று என்று நான் கேட்கவில்லை. அவர்மேல் இரக்கப்பட வேண்டும் என்று என் வீட்டுக்காரர் சொல்கிறார். எனக்கு வரவில்லை.

அக்கா இன்னும் தைக்கிறாள். ஆனால் துணி வருவது குறைந்துவிட்டது. இப்போது அவள் எல்லோரிடமும் கேட்கிறாள் என்று டீக்கடைக்காரர் என்னிடம் குறைப்பட்டுக்கொண்டார். யாருது, உசுரோட இருக்காங்களா, எப்ப போனாங்க என்று ஒவ்வொரு துணிக்கும் கேட்டால் யார் கொடுப்பார்கள்?

எங்கம்மா போன பிறகு அவள் சேலைகளை எடுத்துக்கொண்டு நான் வடலூருக்குப் போனேன். அக்கா மெலிந்திருந்தாள். பையை வாங்கிக் கீழே வைத்தாள், பிரிக்கவில்லை.

“யாருது?”

“எங்கம்மாவுது அக்கா.”

“தவறிட்டாங்களா?”

“ஆமாக்கா. போன மாசம்.”

என் கையைப் பிடித்துக்கொண்டாள். பிளேடு பிடித்துப் பிடித்து விரல்கள் சொரசொரவென்று இருந்தன.

“ஒனக்குச் சொன்னாங்களா? ஒடனே சொன்னாங்களா?”

“சொன்னாங்கக்கா. போய் மூஞ்சியப் பாத்துட்டேன்.”

“அப்ப சரி” என்று சொல்லிப் பையைப் பிரித்தாள்.